காகத்தையும் எழுதுங்கள்: ஊர்ப் பிள்ளைகளோடு பறவை எண்ணுவது எப்படி

முதல் ஆண்டு பிள்ளைகள் கொண்டுவந்து கொடுத்த தாளில் காகமே இல்லை. குளத்தங்கரையில் ஒரு மணி நேரம் நின்ற பதினான்கு பிள்ளைகள் எழுதியிருந்தவை மூன்றே மூன்று: மீன்கொத்தி, பனங்காடை, "பெரிய வெள்ளைக் கொக்கு". தலைக்கு மேலே புளியமரத்தில் காகங்கள் எங்கள் பேச்சே கேட்காத அளவுக்குக் கத்திக்கொண்டிருந்தன. "இது எங்கே?" என்று மேலே கையைக் காட்டினேன். "அது காக்கா, டீச்சர்" என்றான் ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன், நான் பறவை கேட்டேனா காக்கா கேட்டேனா என்ற சந்தேகத்தோடு.

தூத்துக்குடி மாவட்டத்தில், தாமிரபரணித் தண்ணீர் பாயும் குளம் ஒன்றின் கரையில் இருக்கிறது எங்கள் நடுநிலைப் பள்ளி. நான் அங்கே அறிவியல் ஆசிரியை. அறிவியலை மக்களிடம் கொண்டுபோகிறோம் என்று சொல்லி மைக் கட்டி, பொன்னாடை போர்த்தி, பேசி முடிக்கும் கூட்டங்கள் பலவற்றுக்குப் போயிருக்கிறேன். கண்காட்சிகளில் ஆண்டுதோறும் சோடா உப்பு எரிமலை பொங்குவதையும் பார்த்திருக்கிறேன். எங்கள் ஊரில் எரிமலை கிடையாது. குளம் இருக்கிறது, கொக்கு இருக்கிறது. கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பவர் கையில் பென்சிலைக் கொடுத்து, "நீங்களே எண்ணிச் சொல்லுங்கள்" என்றால் என்ன நடக்கும் என்று பார்க்கத்தான் இதைத் தொடங்கினேன். மக்கள் அறிவியல் என்று இதற்குப் பெயர். உங்கள் ஊரில் தொடங்க நினைப்பவர்களுக்காக, நான் செய்த தவறுகளையும் சேர்த்தே எழுதுகிறேன்.

புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. தமிழ்நாட்டில் 2015 முதல் பொங்கலையொட்டிய நான்கு நாட்கள் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கிறது. யார் வேண்டுமானாலும் சேரலாம். குறைந்தது பதினைந்து நிமிடம் ஓர் இடத்தில் பார்த்து, பார்த்ததை 'இ-பேர்டு' என்ற பறவைப் பதிவு இணையதளத்தில் பதிவு செய்தால் போதும். பிப்ரவரி நடுவில் உலகம் முழுக்க நடக்கும் கணக்கெடுப்பில் இந்தியா 2013 முதல் கலந்துகொள்கிறது. பள்ளி, கல்லூரி வளாகங்களுக்கென்று அதில் தனிப் பிரிவும் உண்டு. எங்கள் பக்கத்தில் 2011 முதல் அகத்தியமலை மக்கள்சார் இயற்கைவள காப்பு மையம் தாமிரபரணிக் குளங்களில் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடத்திவருகிறது. இவற்றில் ஒன்றோடு சேர்ந்துகொண்டால் உங்கள் தாள் உங்கள் பீரோவிலேயே கிடந்து மக்காது.

பிள்ளைகளுக்கு நான் சொல்லும் வரலாறு ஒன்றுதான். அமெரிக்காவில் கிறிஸ்துமஸ் நாளில் அணி பிரிந்து காட்டுக்குள் போய், யார் அதிகம் சுடுகிறார்கள் என்று போட்டி போடும் வழக்கம் இருந்தது. 1900ஆம் ஆண்டு பிராங்க் சாப்மன் என்ற பறவையியலாளர், சுடுவதற்குப் பதிலாக எண்ணலாமே என்றார். அந்த முதல் கிறிஸ்துமஸில் எண்ணியவர்கள் 27 பேர். நூறு ஆண்டு தாண்டியும் அது நிற்கவில்லை. இதைச் சொல்லும்போது கடைசி பெஞ்சில் இரண்டு பேர் கால்சட்டைப் பையைத் தொட்டுப் பார்ப்பார்கள். உள்ளே கல் எறியும் கவட்டை இருக்கும். நான் பிடுங்குவதில்லை. மரத்தில் ஒளிந்திருக்கும் பறவையை முதலில் காண்பவர்கள் அவர்கள்தான். ஒவ்வொரு குழுவிலும் அப்படி ஒருவர் வேண்டும்.

நாளும் நேரமும்

பொங்கலன்று காலை ஆறரைக்குக் குளத்தங்கரைக்கு வரச் சொன்னது எனது இரண்டாவது பெரிய முட்டாள்தனம். சூரியன் எழும் நேரம், வாசலில் பானை பொங்கும் நேரம். வந்தது மூன்று பேர். அவர்களையும் அம்மாக்கள் தேடிக்கொண்டு வந்துவிட்டார்கள். இப்போது மாட்டுப் பொங்கலன்று மாலை நாலரைக்கும், அதற்கு அடுத்த நாள் காலை ஏழு மணிக்கும் வைத்துக்கொள்கிறோம். மாலையில் பறவைகள் மறுபடி சுறுசுறுப்பாகும், அடையப் போகும் கூட்டங்களும் கிடைக்கும். ஊரின் நாட்காட்டியை மதிக்காமல் போட்ட திட்டம் எதுவும் ஊரில் நிற்காது.

குளம் என்றால் பெற்றோரிடம் எழுத்தில் ஒப்புதல் வாங்குங்கள். ஐந்து பிள்ளைக்கு ஒரு பெரியவர். படித்துறைக்குக் கீழே யாரும் இறங்கக் கூடாது; கிளம்பும்போதும் திரும்பும்போதும் தலை எண்ண வேண்டும். பறவையை விட்டுவிட்டாலும் பரவாயில்லை, இந்த எண்ணிக்கை தவறக் கூடாது. கூடு இருக்கும் மரத்தடிக்குப் போகாதீர்கள். ஆந்தை அடையும் பொந்தை எங்கும் எழுதி வைக்காதீர்கள்.

புளியங்கொட்டைப் பாடம்

எண்ணப் போவதற்கு ஒரு வாரம் முன்பு வகுப்பறையில் இதைச் செய்யுங்கள். இரண்டு கை புளியங்கொட்டையைத் தரையில் இறைத்து, ஐந்து விநாடி காட்டிவிட்டு, ஒரு துண்டால் மூடிவிடுவேன். எத்தனை என்று ஒவ்வொருவரும் தாளில் எழுதி மடித்துவைக்க வேண்டும். பக்கத்துத் தாளைப் பார்க்கக் கூடாது. பிறகு துண்டை எடுத்துவிட்டு எண்ணுவோம். முதல் தடவை 86 கொட்டைகள் இருந்தன. பெரும்பாலான தாள்களில் நாற்பது, ஐம்பது. கூட்டம் பெரிதாகப் பெரிதாகக் கண் குறைத்தே மதிப்பிடும். வேடிக்கை பார்க்க வந்த சத்துணவு அமைப்பாளர் அக்காவும் எழுதினார். அரிசி அளந்து பழகிய கண் என்பதால் எங்கள் எல்லோரையும்விட அவர்தான் நெருங்கி வந்தார்.

அடுத்து வழியைச் சொல்லித்தருவேன். முதலில் பத்தை மட்டும் எண்ணு. அந்தப் பத்து எவ்வளவு இடத்தை அடைக்கிறது என்று கண்ணில் பதித்துக்கொள். அதே அளவுத் துண்டு இன்னும் எத்தனை இருக்கிறது என்று பார். பத்துப் பத்தாகத் தாவு. நான்காவது தடவைக்குள் பிள்ளைகளின் பிழை பாதிக்கு மேல் குறைந்துவிடும். குளத்தில் இதையே நாரைக் கூட்டத்துக்குச் செய்வோம். மின்கம்பியில் உட்கார்ந்திருக்கும் தகைவிலான்களுக்கு இன்னும் எளிது; இரண்டு கம்பங்களுக்கு இடையே உள்ளதை எண்ணிவிட்டு, அதே நெருக்கத்தில் எத்தனை இடைவெளிகள் நிரம்பியிருக்கின்றன என்று பார்த்தால் போதும்.

துண்டை எடுக்கும் அந்த நொடியில் வகுப்பில் ஏற்படும் அமைதியை நான் எந்த அறிவியல் பாடத்திலும் பார்த்ததில்லை. தன் மதிப்பீடு எவ்வளவு தவறு என்று தனக்கு மட்டுமே தெரியும், சிரிப்பதற்கு யாரும் இல்லை. நேரம் குறைவாக இருந்தால் மற்ற எதையும் விட்டுவிடுங்கள், இதை விடாதீர்கள்.

தாள்

பென்சில்தான். பனியில் மை கலைந்துவிடும். அழிப்பான் கிடையாது, தவறென்றால் ஒரு கோடு போட்டு அடித்துவிட்டு அருகில் எழுத வேண்டும், முதலில் என்ன நினைத்தார்கள் என்பதும் தெரிய வேண்டும் அல்லவா? மேலே இடம், தொடங்கிய நேரம், முடித்த நேரம், நடந்த தூரம், எத்தனை பேர். இந்த ஐந்தும் இல்லாத தாளை நான் வாங்க மாட்டேன். "பத்துக் கொக்கு" என்றால் ஒன்றும் தெரியவில்லை. இருபது நிமிடத்தில் பத்தா, இரண்டு மணி நேரத்தில் பத்தா?

கீழே நான்கு பத்தி: ஊர்ப்பெயர், நூற்பெயர், எண்ணிக்கை, நிச்சயமா. ஊர்ப்பெயருக்குத் தனிப் பத்தி போட்டதற்குக் காரணம் ஒரு தாத்தா. மடை திறந்து அடைத்தே வாழ்நாளைக் கழித்தவர். குளக்கொக்கு என்று நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, "குருட்டுக்கொக்கு என்று சொல்லம்மா, பக்கத்தில் போகிறவரைக்கும் பறக்காது பாருங்கள்" என்றார். பெயருக்குள்ளேயே பறவையின் குணம் இருந்தது. ஆள்காட்டியை அவர் ஆக்காட்டி என்பார். இரவில் அது எந்தப் பக்கம் கத்தினால் கரையில் ஆள் நடமாட்டம் என்று சொல்வார். அந்தப் பத்தியை நிரப்பப் பிள்ளைகள் வீட்டில் பெரியவர்களிடம் கேட்டே ஆக வேண்டும். அப்படித்தான் பதினான்கு பிள்ளைகளின் வேலை பதினான்கு வீட்டுப் பேச்சாக மாறியது.

'நிச்சயமா' பத்தியில் ஆம், இல்லை இரண்டும் சம மதிப்பு. பெயர் தெரியாவிட்டால் காகத்தைவிடப் பெரிதா, மைனா அளவா, சிட்டுக்குருவி அளவா, அலகு எந்த நிறம், கால் எந்த நிறம், என்ன செய்துகொண்டிருந்தது என்று எழுதினால் போதும். "வெள்ளைக் கொக்கு" என்ற ஒரே சொல் இப்படித்தான் எங்கள் ஊரில் நான்காகப் பிரிந்தது. கறுத்த அலகு, கறுத்த கால், விரல்கள் மட்டும் மஞ்சள் என்றால் சின்னக் கொக்கு. மாட்டுக்குப் பின்னால் நடக்கும் குட்டை மஞ்சள் அலகுக்காரன் உண்ணிக்கொக்கு. மீதி இரண்டும், நடுத்தரக் கொக்கும் பெரிய கொக்கும், பொங்கல் பருவத்தில் மஞ்சள் அலகோடுதான் நிற்கும். வாயின் கோடு கண்ணைத் தாண்டிப் பின்னால் போனால் அது பெரியது. பைனாகுலர் எங்களிடம் ஒன்றே ஒன்று, அதுவும் கடன். கோடு தெரியாதபோது 'இல்லை' என்று எழுதிவிடுவோம்.

குரலைக் கேட்டுப் பெயர் சொல்லும் 'மெர்லின்' செயலி இலவசமாகக் கிடைக்கிறது. நல்ல செயலிதான். ஆனால் எங்கள் விதி: செயலி சொன்னதைக் கண்ணால் பார்க்கும்வரை தாளில் ஏற்றக் கூடாது. கரிச்சான், வல்லூறு மாதிரிக் கத்தி மைனாக்களை விரட்டிவிட்டு இரையைத் தூக்கிக்கொண்டு போகும் பறவை. மைனாவே ஏமாறுகிறது, கைப்பேசி ஏமாறாதா?

காகத்துக்கு வருகிறேன். இ-பேர்டில் பட்டியலை முடிக்கும்போது ஒரு கேள்வி வரும்: அடையாளம் தெரிந்த எல்லாப் பறவைகளையும் பதிவு செய்துவிட்டீர்களா? இதற்கு 'ஆம்' சொல்ல முடிகிற பட்டியல்தான் ஆய்வுக்கு மிகவும் பயன்படும். ஏனென்றால் அப்போதுதான் எழுதாத பறவை உண்மையிலேயே கண்ணில் படவில்லை என்று கொள்ள முடியும். அழகான பறவையை மட்டும் எழுதும் ஊரில் இருபது ஆண்டு கழித்துக் காகம் குறைந்துபோனால் அது யாருக்கும் தெரியாது. இதைச் சொல்லிவிட்டு மறுபடி அனுப்பினேன். அப்போதுதான் ஒரு பெண் கேட்டாள், "டீச்சர், கழுத்து சாம்பலாக இருக்கிற காக்காவையும் முழுக்கறுப்புக் காக்காவையும் ஒன்றாக எழுதவா?" தினமும் சோறு வைக்கிற வீடுதான் அவளுடையதும். வீட்டுக்காகமும் அண்டங்காக்கையும் வேறு என்று அன்றுதான் பார்த்திருக்கிறாள்.

ஒன்றையுமே பார்க்காத பதினைந்து நிமிடத்தையும் பதிவு செய்யுங்கள். பிள்ளைகளுக்கு இதுதான் கசக்கும். பூஜ்யம் எழுதிவிட்டு வருகிறவனுக்கு நான் முதலில் கடலைமிட்டாய் கொடுப்பேன்.

தவறு நடக்கும்போது

ஒரே கொக்குக் கூட்டத்தை இரண்டு கரையிலிருந்து இரண்டு குழு எண்ணிவிடும். ஆளுக்கு ஒரு கரை, ஒரே நேரம், பறந்த திசையையும் எழுத வேண்டும் என்று வைத்துக்கொண்டால் இது பெரும்பாலும் தீரும். தீராவிட்டால் சிறிய எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு தவறு எங்களை ஊர் முழுக்கச் சிரிக்கவைத்தது. பனிமூட்டத்தில் தொலைவில் நின்ற நாற்பது பறவைகளை ஒரு குழு வரித்தலை வாத்து என்று எழுதியது. கூந்தன்குளம் பறவைகள் சரணாலயத்துக்கு வருகிற பறவைதானே, எங்கள் குளத்துக்கும் வந்துவிட்டதே என்ற மகிழ்ச்சியில் நானும் பதிவேற்றிவிட்டேன். இ-பேர்டில் வழக்கத்துக்கு மாறான பதிவுகளைத் தன்னார்வலர்கள் சரிபார்ப்பார்கள். இரண்டு நாளில் பணிவாக ஒரு கடிதம்: தலையில் பட்டைகளைப் பார்த்தீர்களா, படம் இருக்கிறதா? மறுநாள் போய்ப் பார்த்தோம். வெளியூர்க்காரர் மேய்க்க ஓட்டிவந்த வளர்ப்பு வாத்துகள். அவரே கரையில் உட்கார்ந்து பீடி குடித்துக்கொண்டிருந்தார்.

அந்தக் கடிதத்தை வகுப்பில் அப்படியே வாசித்தேன். தப்பு செய்தது நான், பதிவேற்றியதும் நான் என்றேன். டீச்சரையே ஒருவர் கேள்வி கேட்கிறார், டீச்சர் கோபப்படாமல் போய்ப் பார்த்துவிட்டுத் திருத்துகிறார் என்பது அவர்களுக்குப் புதிதாக இருந்தது. அறிவியல் எப்படி நடக்கிறது என்று பாடப்புத்தகத்தில் இரண்டு பக்கம் இருக்கிறது. அந்த வாத்துகள் வந்த பிறகு அதை நடத்துவது எளிதாகிவிட்டது.

பதிவேற்றப் பள்ளிக்கென்று ஒரே கணக்கு போதும். பிள்ளைகள் பெயரிலோ படத்தோடோ எதையும் ஏற்றாதீர்கள். தாளை எறியாமல் கோப்பில் வையுங்கள்.

எண்ணை ஊருக்குத் திருப்பிக் கொடுப்பது

பலர் இங்கேதான் கைவிட்டுவிடுகிறார்கள். தரவு போய்ச் சேர்ந்துவிட்டது, சான்றிதழ் வந்துவிட்டது, முடிந்தது. ஊருக்கு என்ன கிடைத்தது?

பொங்கல் முடிந்து பத்து நாளில் ஜனவரி 26 வருகிறது, அன்று கிராம சபை. ஊராட்சியில் முன்கூட்டியே கேட்டு ஐந்து நிமிடம் வாங்கிவிடுங்கள். நீங்கள் பேசாதீர்கள், பிள்ளைகள் வாசிக்கட்டும். ஊர்ப்பெயரில் வாசிக்கட்டும். அதே பட்டியலைப் பெரிய எழுத்தில் எழுதி ரேஷன் கடையிலும் டீக்கடையிலும் ஒட்டுங்கள். வரிசையில் நிற்பவர் எதையாவது படித்துத்தானே ஆக வேண்டும்.

இரண்டு ஆண்டு எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து "குறைந்துவிட்டது" என்று மட்டும் சொல்லாதீர்கள். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் எங்கள் மாவட்டத்தில் பெய்த மழை நாடு அறிந்தது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். அடுத்த மாதம் எண்ணியபோது எங்கள் குளத்தில் கொக்கும் நாரையும் முந்தைய ஆண்டில் பாதிகூட இல்லை. வெள்ளத்தில் செத்துப்போயின என்று ஊரில் பேச்சு. நிறைந்த குளத்தில் கால் ஊன்றி நிற்க ஆழமில்லாத இடம் எங்கே இருக்கிறது? அவை வயலுக்கும் சிறு குட்டைகளுக்கும் பரவியிருந்தன. தண்ணீர் வற்ற வற்றத் திரும்பிவந்தன. அன்றிலிருந்து நீர்மட்டத்தையும் மடைக்கல்லில் பார்த்து எழுதுகிறோம். ஏறுமுகமா இறங்குமுகமா என்று சொல்லப் பல ஆண்டும் பல ஊரும் வேண்டும். 2023இல் வந்த 'இந்தியப் பறவைகளின் நிலை' அறிக்கைக்கு 30,000க்கும் மேற்பட்ட பறவை ஆர்வலர்களின் பதிவுகள் தேவைப்பட்டன. நீண்டகாலப் போக்கைக் கணிக்க முடிந்த 338 இனங்களில் 60 சதவீதம் குறைந்திருப்பது அதில்தான் தெரிந்தது.

ஊரின் நம்பிக்கையோடு மோதுவதைப் பற்றியும் சொல்ல வேண்டும். டீக்கடை அண்ணாச்சிக்குச் சிட்டுக்குருவியைக் கொன்றது செல்பேசிக் கோபுரம்தான். 'இந்தியப் பறவைகளின் நிலை'யின் 2020ஆம் ஆண்டு அறிக்கை, சிட்டுக்குருவி நாடு முழுவதுமாகப் பார்த்தால் ஏறக்குறைய நிலையாக இருக்கிறது, சென்னை உள்ளிட்ட ஆறு பெருநகரங்களில் குறைந்திருக்கிறது, கோபுரக் கதிர்வீச்சுதான் காரணம் என்பதற்குச் சான்றில்லை என்கிறது. முதலில் இதை அவரிடம் அப்படியே ஒப்பித்தேன். டீ ஆறிப்போனதுதான் மிச்சம். அடுத்த மாதம் வேறு விதமாகக் கேட்டேன்: "நம்முடைய தெருவில் இப்போது எத்தனை இருக்கும், அண்ணாச்சி?" தெரியவில்லை என்றார். தினமும் காலையில் நாட்காட்டித் தாளைக் கிழிப்பவர் அவர். கிழித்த தாளின் பின்புறம் கடை வாசலில் கண்ட குருவிகளை எழுதிவைக்கச் சொன்னேன். இரண்டு மாதத் தாள்களை ரப்பர் பேண்டு போட்டுக் கொடுத்தார். கோபுரம் நிற்பது எதிர்ச்சாரி மளிகைக் கடைக்குப் பின்னால். குருவி அதிகம் எழுதியிருந்ததும் அந்தக் கடையின் மூட்டைகளைச் சுற்றித்தான். "ஓட்டு வீடெல்லாம் கான்கிரீட் ஆகிவிட்டது, கூடு கட்டத் துளை எங்கே?" என்று அவராகவே ஒருநாள் சொன்னார். இன்றும் கோபுரத்தைத் திட்டுகிறார். ஆனால் யாராவது "குருவியே இல்லை" என்றால், "நேற்று பதினொன்று" என்று குறுக்கிடுகிறார்.

சென்ற கிராம சபையில் பட்டியலை வாசித்து முடித்ததும் பின்வரிசையிலிருந்து ஒரு விவசாயி எழுந்தார். "குளத்து நாமக்கோழி இத்தனை என்கிறீர்கள், சரி. பிசானப் பருவ நெல்லில் அது எவ்வளவு அழிக்கிறது, அதை எண்ணினீர்களா?" எண்ணவில்லை என்றாள் வாசித்த பெண். என்னைத் திரும்பிப் பார்க்காமலே சொன்னாள்.

இப்போது சனிக்கிழமைதோறும் நான்கு பிள்ளைகள் அவர் வயலுக்குப் போகிறார்கள். குளத்தை ஒட்டிய வரப்பிலிருந்து பத்தடிக்கு ஒரு குச்சி நட்டிருக்கிறோம். குச்சிக்குக் குச்சி முறிந்து கிடக்கும் தூர்களை எண்ணுகிறார்கள்; பக்கத்தில் நாமக்கோழி எத்தனை, நேரம் என்ன, தண்ணீர் எவ்வளவு என்று எழுதுகிறார்கள். குச்சி நட இடம் காட்டியவர் அந்த விவசாயிதான். இரண்டாவது வாரம் அவரே ஒரு பத்தி கூட்டச் சொன்னார்: "எலி வெட்டியதா, கோழி முறித்ததா என்று தனியாக எழுதுங்கள். வெட்டு சாய்வாக இருந்தால் எலி."